கேப், பிரிட்ஜ், பக்கத்துப் பல்

பல்லுக்குக் கேப், அதாவது உறை, போட்டு முடித்ததும் இப்போதெல்லாம் கையில் ஒரு வாரண்டி அட்டையைத் தருகிறார்கள். ஏடிஎம் அட்டை அளவில், பளபளப்பாக, 5 ஆண்டு, 10 ஆண்டு, சிலவற்றில் 15 ஆண்டு என்று அச்சிட்டிருக்கும். எனக்குத் தரப்பட்ட அட்டையின் பின்புறத்துச் சிற்றெழுத்துகளைப் படித்துப் பார்த்தேன். உடைந்தால் மாற்றித் தரப்படுவது கேப் மட்டுந்தான் என்றும், அதன் அடியில் இருக்கும் பல்லுக்கு என்ன நேர்ந்தாலும் அட்டைக்குச் சம்பந்தமில்லை என்றும் அதில் இருந்தது. கேப்பைச் செய்து அனுப்பும் லேப், தான் பார்த்தே இராத ஒரு வாயில் உள்ள பல்லுக்கு உத்தரவாதம் தர முடியாது என்பது நியாயமே. ஆயினும் நம்மிடையே கேப்பைப் பற்றிய பேச்சு முழுவதும் எந்த வகை, என்ன விலை, எத்தனை வருட வாரண்டி என்று அந்த அட்டையைச் சுற்றியே நடக்கிறது. எனக்குக் கேப்பும் என் அக்காவுக்கு இழந்த பல்லின் இடத்தை நிரப்பும் பிரிட்ஜும் தேவைப்பட்டு, அதையொட்டி மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான்: கேட்க வேண்டிய முதல் கேள்வி எவ்வளவு பல்லை ராவப் போகிறீர்கள் என்பது, இரண்டாவது, ராவிய பிறகு எவ்வளவு மிஞ்சும் என்பது. பொருளும் விலையும் அதற்குப் பிறகு வருபவை.

எனக்குக் கேப் போட்டது கீழ்வரிசையின் முதல் கடவாய்ப் பல்லுக்கு. ஆறு வயதை ஒட்டி, பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே முளைத்துவிடும் நிரந்தரப் பல் அது. அப்படி ஓசையில்லாமல் வருவதால் பெற்றோர் பலர் அதையும் பால் பல் என்றே எண்ணி, விழுந்து முளைக்கப் போவதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். மெல்லும் வேலையில் பெரும்பங்கைச் சுமக்கும் அந்தப் பல்லே சொத்தைக்கு முதலில் இரையாவதற்கும் பெரியவர்களின் வாயில் அடிக்கடி காணாமல் போயிருப்பதற்கும் இதுவும் ஒரு காரணம். என் பல்லில் சொத்தை நரம்பு வரை இறங்கிவிட்டது. ரூட் கேனால் செய்து, அதாவது நரம்பை எடுத்து வேர்க்குழாய்களை அடைத்து, பல்லைக் காப்பாற்றினார்கள். கேப் அவசியம் என்றார்கள்.

ரூட் கேனால் செய்த பல் காய்ந்துபோவதால் உடைகிறது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஈரம் குறைவது சிறிய காரணமே. சொத்தையை அகற்றவும், பிறகு வேர்க்குழாய்களுக்கு வழி திறக்கவும் பல்லின் நடுப்பகுதி குடையப்பட்டுவிடுகிறது. சுற்றி நிற்கும் சுவர்கள் ஒன்றையொன்று தாங்கும் முகடுகளை இழந்து தனித்தனியாக நிற்கின்றன. அந்த நிலையில் ஒரு சீடையைக் கடித்தால் அழுத்தம் சுவர்களை வெளிப்புறமாக விரிக்கிறது; ஒருநாள் பல் வேர் வரை பிளந்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. கேப் செய்யும் வேலை, உலக்கையின் முனையில் பூண் செய்யும் வேலையைப் போன்றது: சுற்றி வளைத்துப் பிடித்து, பிளக்க விடாமல் வைப்பது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்டு 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், ரூட் கேனாலுக்குப் பின் கேப் போடாத பற்கள், கேப் போட்டவற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டிருந்தன. ஆனால் இதைக் கொண்டு ரூட் கேனால் செய்த எல்லாப் பற்களுக்கும் கேப் வேண்டும் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. முன் பற்களில் பின்புறம் ஒரு சிறு துளை மட்டும் இட்டு வேலை முடிந்திருந்தால், அதை அடைத்துவிட்டாலே பெரும்பாலும் போதும்.

பூண் பிடிக்க வேண்டுமானால் பிடிப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். ஈறுக்கு மேலே, பல்லைச் சுற்றிலும் குறைந்தது 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சொத்தையற்ற சொந்தப் பல் மிஞ்சி, அதைக் கேப்பின் விளிம்பு தழுவி நிற்க வேண்டும் என்பது பல் மருத்துவத்தில் பெரிதும் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. அது இல்லாமல், உள்ளே கம்பி நட்டுச் சிமெண்டால் எழுப்பிய மேட்டின் மேல் போடப்படும் கேப் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், அதன் ஆயுள் ஐயத்துக்குரியதே. அந்த 2 மில்லிமீட்டர்தான், என் கணக்கில், எந்த வாரண்டி அட்டையையும் விட மேலான உத்தரவாதம்.

கேப்புக்கு இடம் செய்வதற்காகப் பல்லை ராவ வேண்டும். உலோகத்தின் மேல் செராமிக் பூசிய கேப்புக்கு மேற்பரப்பில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வரையிலும் பக்கங்களில் 1 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவும் போகும். சிர்கோனியா என்ற உறுதியான செராமிக்கால் மட்டுமே செய்த கேப்புக்கு இதைவிடக் குறைவாகவும், வெறும் உலோகக் கேப்புக்கு மிகக் குறைவாகவும் போகும். பல்லின் வெளி அடுக்கான எனாமல் உடலிலேயே கடினமான திசு. ஆனால் அதை உண்டாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுவதால், ராவிய எனாமல் ஒருபோதும் திரும்ப வளராது. பக்கச் சுவர்கள் மேல்நோக்கி மிக இலேசாகக் குறுகும்படி ராவுவதில்தான் மருத்துவரின் கைத்திறன் இருக்கிறது. அதிகமாகக் குறுகினால் கேப் கழன்று வரும். குறுகவே இல்லையென்றால் உள்ளே இறங்காது.

பொருளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். உலோகத்தோடு செராமிக்கைச் சூட்டில் ஒட்டவைக்கும் முறைக்கு அமெரிக்காவில் 1962-இல் காப்புரிமை கிடைத்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் உலகெங்கும் அதுவே வழக்கமாக இருந்தது. உறுதியானது, விலை குறைந்தது. ஆண்டுகள் போகும்போது ஈறோரத்தில் ஒரு கருங்கோடு தெரிவதும், செராமிக் பூச்சு சில்லுச்சில்லாக உதிர்வதும் அதன் குறைகள். மலிவான கேப்புகளில் உள்ளே இருப்பது பெரும்பாலும் நிக்கல் கலந்த உலோகம் என்பதால், கவரிங் நகை போட்டால் தோல் அரிக்கும் பழக்கமுள்ளவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. சிர்கோனியா வேறு வகை. சாக்கட்டியைப் போல மென்மையாக இருக்கும் நிலையில் அதை இயந்திரம் கடைந்து எடுக்கிறது. பிறகு 1,500 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுடும்போது அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி இறுகுகிறது. அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டு முதலிலேயே பெரிதாகக் கடைந்திருப்பார்கள். கடவாய்ப் பல்லுக்கு அது பொருத்தமான தேர்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. முன் பல்லில் ஒளி ஊடுருவும் அழகு வேண்டுமென்றால் லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடித்தன்மை கொண்ட செராமிக் வகையையே பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

அச்சு எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டு, அசல் கேப் வரும்வரை அக்ரிலிக்கில் ஒரு தற்காலிகக் கேப்பை ஒட்டி அனுப்பினார்கள். அதை ஒட்டப் பயன்படும் பசைகளில் ஒரு வகையில் யூஜெனால், அதாவது கிராம்பு எண்ணெயின் முக்கியப் பொருள், சேர்க்கப்படுகிறது. பல்வலிக்குக் கிராம்பை அடக்கிக்கொள்ளச் சொன்ன பாட்டிமார்களின் மணம், குளிர்பதன வசதி செய்த மருத்துவமனை நாற்காலியில் வாய் நிறைய வந்தது எனக்கு வேடிக்கையாகவே இருந்தது. நிறம் பார்ப்பதற்கு வீட்டா நிறுவனத்தின் 16 நிறங்கள் கொண்ட மாதிரி வரிசையைப் பல்லின் அருகில் பிடித்துப் பார்க்கிறார்கள். வாய் திறந்தே இருந்தால் பல் உலர்ந்து வெளுத்துத் தெரியும் என்பதால், ராவுவதற்கு முன்பே, முடிந்தால் பகல் வெளிச்சத்தில் இதைச் செய்ய வேண்டும்.

கேப்பை ஒட்டும் நாளில் நோயாளி செய்யக்கூடிய ஒரே உதவி, கடி சரியாக இருக்கிறதா என்று கூச்சப்படாமல் சொல்வது. நரம்பை எடுத்துவிட்ட பல்லுக்கு உணர்வே இராது என்று நினைப்பது தவறு. வேரை எலும்போடு பிணைக்கும் நார்களில் அழுத்தத்தை உணரும் நரம்புகள் அப்படியே இருப்பதால், ஒரு தலைமுடியைவிட மெல்லிய மேடு இருந்தாலும் நமக்குத் தெரிந்துவிடும். நீல நிறக் கார்பன் தாளைக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாகப் பதிந்த புள்ளிகளை ராவி, மறுபடியும் கடிக்கச் சொல்வார்கள். 'போகப் போகப் பழகிவிடும்' என்று யாரேனும் சொன்னால் ஏற்க வேண்டாம். உயரமாக நிற்கும் கேப் பழகுவதில்லை. அந்தப் பல்லும் எதிர்ப்பல்லும் வலிக்கத் தொடங்கும்.

பிரிட்ஜுக்கு வருகிறேன். அக்காவுக்கு அதே முதல் கடவாய்ப் பல்லை இளம் வயதிலேயே பிடுங்கிவிட்டார்கள். ஒரு பல் போன இடம் சும்மா இருப்பதில்லை: பின்னால் உள்ள பல் மெல்ல முன்னோக்கிச் சாய்கிறது, மேல்வரிசையின் எதிர்ப்பல் தடுப்பாரின்றிக் கீழிறங்குகிறது. அக்காவுக்கு இரண்டும் நேர்ந்திருந்தன. பிரிட்ஜ் என்பது இல்லாத பல்லுக்கு இருபுறமும் உள்ள பற்களை ராவி அவற்றுக்குக் கேப் போட்டு, அந்த இரு கேப்புகளுக்கு நடுவே ஒரு பொய்ப்பல்லைத் தொங்கவிட்டு, மூன்றையும் ஒரே துண்டாகச் செய்து ஒட்டுவது. ஒரு பல்லைக் கட்ட மூன்று பல்லுக்கு விலை சொல்கிறார்களே என்று அக்கா முதலில் சண்டைக்குப் போனாள். ஒரு பல்லுக்கு ஒரு யூனிட் என்று போடும் கணக்கில் அது சரியான விலைதான். ஆனால் பிரிட்ஜின் உண்மையான விலையைக் கொடுப்பவை பக்கத்துப் பற்கள்.

தாங்கும் பற்களின் வேர்ப்பரப்பு, இழந்த பற்களின் வேர்ப்பரப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று ஆண்டே என்ற பல் மருத்துவர் 1926-இல் ஒரு விதி சொன்னார். ஈறு நலமாக இருந்தால் அதைவிடக் குறைந்த தாங்கலிலும் பிரிட்ஜ் நீடிக்கிறது என்று ஸ்வீடன் நாட்டு ஆய்வுகள் பிற்காலத்தில் காட்டின. ஆயினும் எத்தனை பல்லுக்கு எத்தனை பல் சுமை தாங்கும் என்ற அந்தக் கேள்வியே தவிர்க்க முடியாதது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பீடுகளின்படி, வழக்கமான பிரிட்ஜுகளில் 100-க்கு ஏறத்தாழ 89, பத்து ஆண்டுக்குப் பின்னும் வாயில் இருக்கின்றன. நல்ல எண்தான். அதே தொகுப்புகளில், உயிருள்ள நிலையில் ராவப்பட்ட தாங்கு பற்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றின் நரம்பு அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் செத்துப்போகிறது என்ற எண்ணும் இருக்கிறது. குறையே இல்லாத இரண்டு பற்களை ராவி ஒரு பல்லைக் கட்டுவதற்கு முன், இந்த இரண்டாவது எண்ணையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்பேன்.

அக்காவின் நிலை வேறு. சாய்ந்த பின்பல் ஏற்கெனவே ரூட் கேனால் செய்யப்பட்டது, எப்படியும் அதற்குக் கேப் வேண்டும். முன்னால் இருந்த சிறு கடவாய்ப் பல்லில் பாதியளவு பழைய வெள்ளி அடைப்பு. இழக்கப் போவது குறைவு என்பதால் அவளுக்குப் பிரிட்ஜ் சரியான முடிவாக இருந்தது. இரு பக்கமும் பற்கள் குறையின்றி இருந்து, எலும்பும் போதிய அளவு இருந்து, சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் தாடை எலும்பில் திருகாணி போன்ற ஒன்றைப் பதித்து அதன் மேல் பல் கட்டும் இம்ப்ளாண்டைத்தான் நான் சொல்லியிருப்பேன். முன் பல் ஒன்று மட்டும் இல்லாத இளைஞர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: பக்கத்துப் பல் ஒன்றின் பின்புறத்தில் மட்டும் ஒரு மெல்லிய இறக்கையை ஒட்டி நிற்கும், ஏறக்குறைய ராவலே தேவைப்படாத பிரிட்ஜ். ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் கெர்ன் முதலானோர் நீண்ட காலம் பின்தொடர்ந்து நல்ல பலன் கண்ட முறை அது. நம் ஊரில் அதைப் பற்றி யாரும் பேசுவதே அரிதாக இருப்பது எனக்கு வருத்தந்தான்.

பிரிட்ஜ் ஒட்டிய சில நாளில், நடுப்பல்லின் அடியில் சாப்பாடு புகுந்து போகிறது, வேலை சரியில்லை என்று அக்கா குறைப்பட்டாள். கீழ்க்கடவாயில் அந்த இடைவெளி பெரும்பாலும் வேண்டுமென்றே விடப்படுவது. பொய்ப்பல் ஈறை அழுத்திக்கொண்டிருந்தால் அடியில் சுத்தம் செய்ய முடியாது. முனை விறைப்பாகவும் நடுவில் பஞ்சுபோலவும் இருக்கும் சூப்பர் ஃப்ளாஸ் என்ற நூலையோ பல்லிடுக்குப் பிரஷையோ அதன் வழியே நுழைத்துத் தினமும் துடைக்க வேண்டும். வெறும் கொப்பளிப்பு போதாது.

இதைவிட முக்கியமான ஒன்றை எவரும் தாமாகச் சொல்லவில்லை. கேட்ட பிறகே சொன்னார்கள். தனிக் கேப்பின் சிமெண்ட் விட்டுப்போனால் கேப் கழன்று கையில் வந்துவிடும், உடனே மருத்துவரிடம் போய்விடுவோம். பிரிட்ஜில் ஒரு பக்கத்துச் சிமெண்ட் விட்டுப்போனாலும் மறுபக்கம் பிடித்துக்கொண்டிருப்பதால் எதுவும் ஆடாது. கழன்ற பக்கத்தின் உள்ளே எச்சிலும் உணவும் புகுந்து, கேப்பின் மறைவில் சொத்தை பரவும்; ரூட் கேனால் செய்த பல்லாக இருந்தால் வலியும் தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் ஒரு கெட்ட வாடை, அல்லது பிரிட்ஜை விரலால் அழுத்தினால் விளிம்பில் எச்சில் குமிழியிடுவது, இவை இரண்டுமே அடையாளம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகச் சொல்வதற்குப் பிரிட்ஜ் போட்டவர்களின் விஷயத்தில் இதுவே காரணம். அப்போது விளிம்பைக் கருவியால் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

எல்லா இடைவெளியையும் நிரப்பியாக வேண்டும் என்பதும் இல்லை. நெதர்லாந்தின் நைமேகனைச் சேர்ந்த பல் மருத்துவ ஆய்வாளர் கைசர், கடைசிக் கடவாய்ப் பற்கள் இல்லாமலேயே, முன் பற்களும் சிறு கடவாய்ப் பற்களும் நல்ல நிலையில் இருந்தால் பெரும்பாலோரால் போதுமான அளவு மென்று உண்ண முடிகிறது என்று 1980-களில் எழுதினார். அக்காவுக்கு மேல்வரிசையின் மறுபக்கத்தில் கடைசிக்கு முந்தைய கடவாய்ப் பல்லும் ஞானப்பல்லும் இல்லை. அங்கே பின்னால் தாங்கப் பல் எதுவும் இல்லாததால், முன்னால் இருக்கும் ஒரே பல்லின் மேல் தொங்கும் பிரிட்ஜைக் கட்டலாம் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். அவ்வகைத் தொங்கு பிரிட்ஜுகள் இருபக்கத் தாங்கல் உள்ளவற்றைவிடச் சீக்கிரம் தோற்பவை. அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுவது என்று முடிவு செய்தோம்; எதிரே உள்ள கீழ்ப்பல் மேலேறுகிறதா என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் மருத்துவர் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்.