பன்னிரண்டு நாள் பூட்டிக் கிடந்த கடை

2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டதாக அந்த நிறுவனம் பிறகு விளக்கியது. வாட்ஸ்அப்பில் மட்டும் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்த சிறு வியாபாரிகள் அன்று கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானோ அக்காவிடம், "ஒரே இடத்தை நம்பினா இப்படித்தான்" என்று தத்துவம் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் கடை வேறொரு பிளாட்ஃபார்மில் இருந்தது. அந்த ஒன்றில் மட்டும்தான் இருந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

நாங்கள் விற்பது எம்பிராய்டரி மெஷினுக்கான டிசைன் கோப்புகள். ஒரு படத்தை எடுத்து, ஊசி எங்கே தொடங்கி எங்கே போக வேண்டும், எந்த இடத்தில் நூல் நிறம் மாற வேண்டும் என்று தையல் கட்டளைகளாக மாற்றுவது என் வேலை. வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதும் வரவு செலவு பார்ப்பதும் அக்காவின் வேலை. பலரும் கடை போட்டு விற்கும் இணையதளமான ஒரு சந்தைத்தளத்தில் கடை போட்டிருந்தோம். 100 ஆர்டர் வந்தால் 90-க்கு மேல் அங்கிருந்துதான். மிச்சம், தெரிந்தவர்கள் நேரில் கேட்டு வாங்கியது.

ஒருநாள் காலையில் ஒரு மெயில். எங்கள் பூ பார்டர் ஒன்று தன்னுடையது என்று யாரோ புகார் கொடுத்திருக்கிறாராம், விசாரணை முடியும்வரை அக்கவுண்ட் முடக்கப்படுகிறதாம். அந்த பார்டரை நான் வரைந்த காகிதம் தேநீர்க் கறையோடு என் மேஜையிலேயே கிடந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். தானியங்கிப் பதில் வந்தது. மறுபடி அனுப்பினேன், அதே பதில் எழுத்து மாறாமல் வந்தது. 2011-இல் பேஸ்புக்கின் மொத்த வருமானத்தில் 12 சதவீதம் ஜிங்கா என்ற ஒரே விளையாட்டு நிறுவனத்தின் மூலம் வந்தது. அடுத்த வருடமே ஒப்பந்தத்தைத் திருத்தி அதன் தனிச் சலுகைகளுக்கு முடிவு கட்டினார்கள். அந்த அளவு பெரிய ஆளுக்கே அதுதான் நிலைமை என்றால் எங்கள் தேநீர்க் கறையை யார் பார்க்கப் போகிறார்கள்?

பன்னிரண்டாம் நாள், காரணம் எதுவும் சொல்லாமல் கடையைத் திறந்துவிட்டார்கள்.

அந்தப் பன்னிரண்டு நாளில் விற்பனை போனது எனக்குப் பெரிய வலியாகத் தெரியவில்லை. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்கள் கோப்பைத் திரும்ப இறக்க முடியாமல் தவித்திருப்பார்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல எங்களுக்கு வழியில்லை என்பதுதான் உறுத்தியது. ஐந்து வருட வியாபாரம், ஆயிரக்கணக்கான ஆர்டர், ஆனால் ஒருவருடைய மெயில் முகவரிகூட எங்கள் கையில் இல்லை. செய்திகளெல்லாம் அந்தத் தளத்தின் பெட்டிக்குள், அந்தப் பெட்டியோ பூட்டுக்குள். வாடிக்கையாளர்கள் எங்களுடையவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்களைக் கேட்டிருந்தால், தளத்தின் பெயரைச் சொல்லி "அங்கே வாங்கினேன்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அக்கா ஒரு தாளை எடுத்துப் போட்டு, "இது இனிமே திறக்கவே திறக்காதுன்னு வச்சுக்கோ. என்னென்ன போகும்? ஒண்ணொண்ணா சொல்லு" என்றாள். விற்பனை என்ற ஒரே வரியோடு முடியும் என்று நினைத்தேன். தாள் நிறைந்துவிட்டது. டிசைன் விவரங்களை நேரடியாகத் தளத்திலேயே தட்டச்சு செய்திருந்தேன், நகல் கிடையாது. தைத்து எடுத்த மாதிரிகளின் போட்டோக்கள் பாதிக்கு அசல் இல்லை. தளம் சுருக்கி வைத்திருந்த சின்னப் படங்கள்தான் மிச்சம். பழைய வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த வழிகாட்டிக் கோப்புகளில் இருந்த இணைப்பு ஒவ்வொன்றும் அந்தத் தளத்துக்கே போனது. ரிவ்யூக்கள் எப்படியும் வராது, அவற்றை மூட்டை கட்டி எங்கும் தூக்கிப் போக முடியாது. டிசைன்களின் மூலக்கோப்புகள் மட்டும் என் கணினியிலும் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் பத்திரமாக இருந்தன. அதுவும் என் புத்திசாலித்தனத்தால் அல்ல, அவை தளத்தில் ஏற்ற முடியாத வகைக் கோப்புகள் என்பதால்.

இன்னொன்றும் தப்பியிருந்தது. அக்காவுக்கு ஒரு பழக்கம், யார் என்ன கேட்டாலும் ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பாள். பெயர் இருக்காது. "சின்ன ஹூப், 100 மில்லிமீட்டர், இலை டிசைன் வெளியே போகுது" என்று ஒரு வரி (ஹூப் என்பது தைக்கும்போது துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டம்). "டவல் துணியில் தைத்தால் பூ அமுங்குது, அடித்தையல் கூட்டணும்" என்று இன்னொரு வரி. இந்தக் காலத்தில் யாராவது நோட்டில் எழுதுவார்களா என்று பலமுறை கேலி செய்திருக்கிறேன். எங்களிடம் வாங்குபவர்கள் யார், என்ன மெஷின் வைத்திருக்கிறார்கள், எந்த இடத்தில் சிக்குகிறார்கள் என்று நாங்களாகத் தெரிந்து வைத்திருந்ததெல்லாம் கடைசியில் அந்த நோட்டில்தான் இருந்தது.

கடை திறந்ததும் பதற்றத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஒரே மாதத்தில் இன்னும் நான்கு சந்தைத்தளங்களில் கடை விரித்தேன். முட்டைகளை ஒரே கூடையில் வைக்காமல் பல கூடைகளில் பிரித்து வைக்கிறேன் என்ற நினைப்பு. ஒவ்வொரு தளத்துக்கும் படத்தின் அளவு வேறு, வகைப்பாடு வேறு, ரீஃபண்ட் விதி வேறு. ஒரு டிசைனில் நூல் அறுகிற பிழையைத் திருத்தினால் ஐந்து இடத்தில் மாற்ற வேண்டும். நான் மூன்றில் மாற்றிவிட்டு மறந்துவிட்டேன். மறந்த இடத்தில் வாங்கியவர் ஒற்றை நட்சத்திரம் போட்டார், நியாயமான நட்சத்திரம். புதிதாகத் திறந்ததில் மூன்றை மூடினோம். வேடிக்கை என்னவென்றால், ஐந்து இடத்தில் கடை இருந்தபோதும் ஒரு வாடிக்கையாளரின் முகவரிகூட எங்களிடம் சேரவில்லை. பூட்டுகளின் எண்ணிக்கைதான் கூடியிருந்தது.

பிறகுதான் சொந்தமாக டொமைன், அதாவது எங்கள் பெயரில் ஓர் இணைய முகவரி, வாங்கி ஒரு எளிய கடைப் பக்கம் போட்டோம். முதல் மூன்று மாதம் அங்கே ஈ ஓட்டினோம். சந்தைத்தளத்தில் கடை போடும்போது கூட்டம் அங்கே ஏற்கெனவே நிற்கிறது, நாம் பந்தல் போட்டால் போதும். சொந்த இடத்தில் பந்தலும் நாமே போட வேண்டும், கூட்டத்தையும் நாமே அழைக்க வேண்டும். கமிஷனைப் பற்றி நான் எவ்வளவோ புலம்பியிருக்கிறேன். அந்தக் கமிஷனுக்குள் என்னென்ன அடங்கியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. பணம் கட்டியவருக்குக் கோப்பு உடனே போய்ச் சேர்வது, கார்டு மறுக்கப்பட்டால் சமாளிப்பது, வாங்குபவர் இருக்கும் நாட்டுக்கு ஏற்ப வரி பிடிப்பது, முன்பின் தெரியாத எங்களை நம்பி ஒருவர் பணம் கட்டத் துணிவது எல்லாமே அதற்குள் இருந்தன. கடைசியில் சொன்னதுதான் விலை அதிகமானது. சொந்தப் பக்கத்தில் "கார்டு எண்ணைக் கொடுக்கலாமா, பயமாக இருக்கிறது" என்று கேட்டு வந்த மெயில்களுக்கு அக்கா எத்தனை பதில் எழுதினாள் என்று கணக்கில்லை.

சொந்தப் பக்கம் என்றதும் விடுதலை என்று நினைத்துவிடக் கூடாது. தேடுபொறியிலிருந்து மட்டும் ஆள் வந்தால், எஜமான் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். 2011 பிப்ரவரியில் எந்தத் தளம் முன்னால் வரும் என்ற தேடல் வரிசையில் கூகுள் கொண்டுவந்த பாண்டா என்ற மாற்றம் அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதத்தைப் பாதித்ததாக கூகுளே சொன்னது. தேடலை மட்டுமே நம்பியிருந்த பல தளங்கள் அதில் சரிந்தன. பணம் வாங்கித் தரும் நிறுவனம், சர்வர் கொடுக்கும் நிறுவனம், டொமைன் பதிவு செய்யும் நிறுவனம் எல்லாமே அடுத்தவருடையதுதான். ஒரு வித்தியாசம் உண்டு. சர்வர்காரர் முறைத்தால் கோப்புகளை வேறு சர்வரில் ஏற்றி, டொமைனை அங்கே திருப்பிவிடலாம். வாடிக்கையாளர் தட்டும் முகவரி மாறாது. அதனால் டொமைனைப் புதுப்பிக்கும் தேதியை மட்டும் நான் யாரையும் நம்பி விடுவதில்லை. கார்டு காலாவதியாகித் தானியங்கிப் புதுப்பிப்பு தோற்றுப்போனால் கதை முடிந்தது.

மெயில் பட்டியலைச் சேர்க்கத்தான் ரொம்ப நாள் ஆனது. சந்தைத்தளத்தில் வாங்கியவர்களை வெளியே இழுத்துப் போவதை அந்தத் தளத்தின் விதி தடுக்கிறது. அந்த விதியை மீறினால் பன்னிரண்டு நாள் நிரந்தரமாகிவிடும். அக்காவின் நோட்டுதான் வழி காட்டியது. அதில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை வைத்து, எந்தத் துணிக்கு என்ன அடித்துணி, எந்த ஹூப்புக்கு எவ்வளவு சுருக்கலாம், நூல் ஏன் அறுகிறது என்று சின்னச் சின்ன விளக்கங்கள் எழுதி எங்கள் பக்கத்தில் இலவசமாகப் போட்டோம். தையல் சிக்கலுக்கு விடை தேடி வந்தவர்கள், அடுத்த விளக்கம் வரும்போது சொல்லுங்கள் என்று தாங்களாகவே முகவரி கொடுத்தார்கள். முதல் மெயில் 41 பேருக்குப் போனது. அதிலும் பாதிப் பேருக்கு ஸ்பாமில் விழுந்தது.

இந்த இடத்தில் ஒரு தொழில்நுட்பத் தலைவலியைச் சொல்லியாக வேண்டும். சொந்த டொமைனிலிருந்து மெயில் அனுப்பினால், அனுப்புவது நாம்தான் என்று நிரூபிக்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் பதிவுகளை டொமைன் அமைப்பில் சேர்க்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கறாராகிவிட்டன. ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவருக்கு மூன்றும் கட்டாயம், ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. நாங்கள் அந்த அளவுக்கு எங்கே? இருந்தாலும் மூன்றையும் போட்டுவிட்டோம். விலகும் பொத்தானை மேலே தெரிகிற மாதிரி வைக்கச் சொன்னது அக்கா. "போறவங்களைக் கதவைச் சாத்தி நிறுத்துனா நாமளும் அவங்களை மாதிரிதான்டா" என்றாள். பட்டியலை மாதம் ஒருமுறை இறக்கி எங்கள் கணினியிலும் வைக்கிறோம், ஏனென்றால் மெயில் அனுப்பும் சேவையும் ஒரு பிளாட்ஃபார்ம்தான்.

பழைய சந்தைத்தளத்தை விட்டு நாங்கள் போகவில்லை. இன்றும் பாதிக்கு மேற்பட்ட விற்பனை அங்கேதான், புது முகங்கள் வருவதும் அங்கேதான். ஆனால் புது டிசைன் முதலில் எங்கள் பக்கத்தில் வருகிறது, ஒரு வாரம் கழித்துத்தான் அங்கே போகிறது. விவரங்களைக் கணினியில் எழுதிவிட்டு அப்புறம் ஏற்றுகிறேன். அங்கிருந்து மெயில் வந்தால் இப்போதும் அடிவயிற்றில் ஏதோ செய்கிறது, அது போகும் என்று தோன்றவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை பார்க்கிறோம். ஏதாவது ஒரு அக்கவுண்ட்டை அக்கா தேர்ந்தெடுப்பாள், அது போய்விட்டது என்று வைத்துக்கொண்டு அன்று முழுவதும் வேலை பார்க்க வேண்டும். போன தடவை அவள் தேர்ந்தெடுத்தது எங்கள் மெயில் அக்கவுண்ட்டை. எனக்குக் கவலையே இல்லை, போன் தொலைந்தாலும் உள்ளே நுழைய உதவும் அவசரக் குறியீடுகள் பத்து இருக்கின்றன என்றேன். எங்கே என்று கேட்டாள். அதே மெயில் அக்கவுண்ட்டின் டிரைவில்.

அக்கா சிரிப்பை அடக்க முயலவே இல்லை. பத்தையும் அச்செடுத்து நீள நோட்டின் பின்னட்டையில் பசை தடவி ஒட்டினாள். இன்னொரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வை என்றேன். "வச்சாச்சு, உன்கிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள்.