பன்னிரண்டடித் தடம்

பக்கத்து வீட்டு அண்ணன் மாடிப்படியை எங்கள் வீட்டுக்கு வரும் வண்டித்தடத்துக்குள் மூன்றரை அடி இறக்கிவிட்டார். போய்க் கேட்டால், "அப்ரூவல் வாங்கித்தான் கட்டறேன் தம்பி" என்று பிளானை விரித்துக் காட்டினார். அதில் நாங்கள் நடக்கிற தடமே இல்லை!

அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. தடம் கிடப்பது அவருடைய பட்டாவில், சர்வே வரைபடத்திலும் தனியாகக் காட்டவில்லை. அப்ரூவல் தந்த ஆபீசுக்கு ஓடினேன். பட்டா, வரைபடம், பக்கத்தில் விடவேண்டிய இடம் இவ்வளவுதான் நாங்கள் பார்ப்போம், பாத்தியம் (அடுத்தவர் இடத்தில் நடந்துபோகிற உரிமை) என்றால் சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள்.

வக்கீல் கேட்ட முதல் கேள்வியே வேறு. "இத்தனை வருசமா உரிமையில போனீங்களா, கேட்டுக்கிட்டுப் போனீங்களா?" 1882ஆம் வருட வசதியுரிமைச் சட்டத்தின் 15வது பிரிவுப்படி, 20 வருடம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு நடந்திருந்தால் பாத்தியம் வந்துவிடும். அனுமதி கேட்டு நடந்தது என்று ஆகிவிட்டால் போச்சு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. வண்டி வரும்போதெல்லாம் "ஏனுங்க, பைக்கைக் கொஞ்சம் நகர்த்தறீங்களா" என்று கேட்டே பழகியவர் அம்மா.

நல்லவேளை, 1991 கிரயப் பத்திரம் பீரோவில் இருந்தது. எங்களுக்கு விற்றதே அந்த அண்ணனின் தாத்தாதான், அதில் "12 அடி அகல மாமூல் வண்டித்தட வழிநடைப் பாத்தியமும் சேர்த்து" என்று எழுதியே கொடுத்திருக்கிறார். அந்த ஒரு வரியை வைத்துத்தான் முன்சீப் கோர்ட்டில் இடைக்காலத் தடை வாங்கினோம். (பத்திரத்தில் நான்கெல்லையோடு படிப்பதை நிறுத்திவிடுகிறவர்கள் இன்றே கடைசிப் பக்கம்வரை படித்துவிடுங்கள்.)

அப்புறம் இடத்தை அளக்க கோர்ட் அனுப்பிய வக்கீல், அட்வகேட் கமிஷனர், வந்து டேப் பிடித்தார். எட்டடி ஆறங்குலம். டேப்பின் மறுமுனையைப் பிடித்து நின்றது அந்த அண்ணனின் மகன். அவர்கள் வீட்டிலிருந்து எல்லோருக்கும் டீ வந்தது, எனக்கும் சேர்த்து. குடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் டம்ளரைப் பிடித்தபடி நின்றேன், ஆறிப்போனது.

கேஸ் வாய்தாவில் இருக்கிறது. பாதிப் படியில் கம்பிகள் துருவேறி நீட்டிக்கொண்டிருக்கின்றன. தடத்தில் பைக் குறுக்கே நின்றால் அம்மா இப்போது வாயே திறப்பதில்லை, வக்கீல் சொல்லியிருக்கிறாராம். பேசாமல் நிற்பார். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுத் தானாகவே வந்து நகர்த்துகிறார்.