நல்லெண்ணெயை 15 கிராம் கனக்க வைத்தல்

யாழ்ப்பாணத்துக் குசினியில் எப்போதும் இரண்டு எண்ணெய்ப் போத்தல் நிற்கும். எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகளை முதலில் எப்பொட்சைட்டாக்கி (இரண்டு காபனும் ஓர் ஒட்சிசனும் சேர்ந்த மூவுறுப்பு வளையம்), பிறகு காபனீரொட்சைட்டை ஏற்றி ஐந்துறுப்புக் காபனேற்று வளையமாக்குவதுதான் நம் வேலை. தேங்காயெண்ணெய் அதற்கு உதவாது. அதன் அயடீன் பெறுமானம் (100 கிராம் எண்ணெய் பிடிக்கும் அயடீன் கிராமில், இரட்டைப் பிணைப்பின் அளவுகோல்) 6 முதல் 11 வரைதான். இரட்டைப் பிணைப்பு இவ்வளவு அரிதான இடத்தில் எப்பொட்சைட்டு வளையம் எங்கிருந்து வரும்? நல்லெண்ணெய்க்கு அது 104 முதல் 120. அதை எடுங்கள். ஆனால் காறல் அடித்த பழைய எண்ணெய் வேண்டாம். அதிலுள்ள கொழுப்பமிலம், நாம் பாடுபட்டு ஆக்கும் வளையத்தையே உடைத்துவிடும்.

100 கிராம் எண்ணெயோடு 98 வீதப் போமிக்கமிலம் 10 கிராமை மூன்று கழுத்துக் குடுவையில் கலக்கி, 50 பாகை செல்சியசுக்குக் கொண்டு வாருங்கள். 30 வீத ஐதரசன் பரவொட்சைட்டு 65 மில்லிலீற்றரை ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் துளித்துளியாக விடவேண்டும். அவசரப்பட்டு ஊற்றுவதுதான் இதில் பெரிய ஆபத்து. ஒரு மூல் இரட்டைப் பிணைப்புக்கு ஏறத்தாழ 230 கிலோயூல் வெப்பம் வெளியேறும். 100 கிராம் எண்ணெய்க்கு அது 100 கிலோயூல் அளவில் வரும். கலவை தானாகக் கொதித்தெழ அது தாராளமாகப் போதும். ஐஸ் தட்டு பக்கத்தில் இருக்கட்டும், வெப்பநிலை 60ஐத் தாண்டக்கூடாது, குடுவையை ஒருபோதும் இறுக்கி மூடக்கூடாது. துரு பட்ட எதுவும் உள்ளே போகாமல் பாருங்கள். இரும்பு பரவொட்சைட்டைக் கண்டபடி பிரிக்கும். விட்டு முடிந்தபின் இன்னும் ஐந்து மணித்தியாலம் கலக்கினால் போதும்.

கழுவும்போது கிணற்றுத் தண்ணீரைத் தொடவேண்டாம். நம்முடைய நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடப்பது. இருகாபனேற்றுக் கரைசலால் கழுவும்போது உண்டாகும் சவர்க்காரம், அந்தக் கல்சியத்தோடு சேர்ந்து வெள்ளைத் திரையாகி இரண்டு படைகளுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டே இருக்கும். வடித்த நீர்தான் வேண்டும். மாப்பொருள்-அயடைட்டுத் தாள் நீலமாவது நிற்கும் வரை கழுவி, நீரற்ற சோடியம் சல்பேற்றில் உலர்த்தி, பிறகே வெற்றிடத்தில் 60 பாகையில் மிச்ச நீரை இழுங்கள். பரவொட்சைட்டு மீந்திருக்கச் சூடாக்குவது விளையாட்டில்லை.

அசற்றிக்கமிலத்தில் கரைத்த ஐதரசன் புரோமைட்டால் நியமித்து (காட்டி கிறிஸ்டல் வயலற், நீலப்பச்சை வந்தால் முடிவு) வளைய ஒட்சிசனைக் கணியுங்கள். உச்சம் 6.5 வீதம், 5.5 கிடைத்தால் நல்லது. 4.5க்குக் கீழே போனால் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் முதலிலிருந்து தொடங்குவேன்.

5.5 வீதம் என்றால் 100 கிராமில் 0.344 மூல் வளையம். ஊக்கியான தெற்றாபியூற்றைலமோனியம் புரோமைட்டு அதில் 5 மூல் வீதம், அதாவது 5.5 கிராம். மார்கழி ஈரத்தில் இந்த உப்பைத் தாளில் கொட்டி நிறுத்துக்கொண்டிருக்கும்போதே மழைநாள் உப்புச்சாடிபோல ஒட்டத் தொடங்கும். உலர்த்திய போத்தலிலிருந்து நேரே குடுவைக்குள் நிறுங்கள். சிலிண்டரிலிருந்து வரும் காபனீரொட்சைட்டும் சிலிக்கா ஜெல் குழாய் வழியாகவே வரட்டும். நீர் புகுந்தால் வளையம் இரட்டை ஐதரொட்சியாகத் திறந்துவிடும். அது இந்த நிலைமையில் மீண்டும் காபனேற்றாகாது.

110 பாகையில் காபனீரொட்சைட்டை மெல்லக் குமிழியிட்டுக் கலக்குங்கள். புரோமைட்டு வளையத்தைத் திறக்கும், திறந்த ஒட்சிசன் காபனீரொட்சைட்டைப் பிடிக்கும், அந்த வால் திரும்பி வளைந்து புரோமைட்டைத் தள்ளிவிட்டு ஐந்துறுப்பு வளையமாக மூடும். எண்ணெயின் வளையங்கள் சங்கிலியின் நடுவில் இருபுறமும் நெருக்கப்பட்டுக் கிடப்பதால் எல்லாம் ஆறுதலாகத்தான் நடக்கும். சோயா எண்ணெயில் இதே வெப்பநிலையில், வளிமண்டல அமுக்கத்தில், 70 மணித்தியாலத்தில் 94 வீதம் மாறியதை 2004 இல் வெளியிட்டார்கள். எனவே மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறுமையில்லாமல் 140க்கு ஏற்றினால் ஊக்கி சிதைந்து அமைனாகலாம்: மீன் வாடை, பழுப்பு நிறம். அமுக்கத்தைக் கூட்டினால் நேரம் குறையும். ஆனால் அதற்கு உருக்குப் பாத்திரம் வேண்டும், சாதாரணக் கண்ணாடியில் கூடவே கூடாது. கரண்ட் போய் குடுவை ஆறினால் வெளியேறு குழாயின் நுனி மூழ்கியிருக்கும் குமிழிப் போத்தலின் எண்ணெயை உள்ளே உறிஞ்சும். நடுவில் ஒரு வெற்றுப் போத்தலைப் பொருத்தினால் தப்பும்.

முழுதும் மாறினால் எடை 15.1 கிராம் கூடவேண்டும். குடுவையை ஊக்கியோடு நிறுத்துத் தொடக்க எடையைக் குறித்து வையுங்கள். சரக்கு ஆறியதும் பனம்பாணிபோல நூலிழுக்கும்; கலக்கும் காந்தத் துண்டு தடுமாறும். ஆனால் தராசு ஒரு பக்கமாகப் பொய் சொல்லும்: ஆவியாகப் போன நீரும் சிதைந்த ஊக்கியும் ஏற்றத்தைக் குறைத்துக் காட்டும். அதனால் ஐ.ஆர். (அகச்சிவப்பு) நிறமாலையில் எசுத்தரின் 1740 cm⁻¹ முனைக்கு இடப்புறம் 1800 அளவில் காபனேற்றின் புதிய முனை எழுந்ததா, 820 முதல் 845 வரையிருந்த எப்பொட்சைட்டு முனை தணிந்ததா என்று பாருங்கள். 3400இல் அகலமான மேடு கண்டால் நீர் புகுந்துவிட்டது.

1800 எழும்பியும் 840 விடாமல் நின்றால் தாக்கம் பாதியில் நிற்கிறது. ஊக்கி இன்னும் ஒரு கிராம் சேர்த்து 24 மணித்தியாலம் ஓட்டுங்கள், பிறகு மறுபடி நிறுங்கள்.