பாறைக்கு முதலில் வந்தது யார்?

பள்ளியில் தாவர வழிமுறை வளர்ச்சி, அதாவது வெறும் நிலத்தில் செடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேருவதைப் படித்தவர்களுக்கு அந்தப் படம் மறந்திருக்காது. இடது ஓரத்தில் வெறும் பாறை, அதில் லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்), அடுத்து மாஸ் (பூக்காத குட்டிச் செடி), அப்புறம் புல், புதர், வலது ஓரத்தில் ஒரு பெரிய மரம். நானும் பரீட்சைக்கு அதை வரிசை மாறாமல் வரைந்து அம்புக்குறி போட்டவன்தான். எங்கே பாறை இருந்தாலும் இதுதான் நடக்கும் என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன், சுர்ட்சே தீவைப் பற்றிப் படிக்கும் வரை.

1963 நவம்பரில் ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடலுக்கடியில் எரிமலை வெடித்து, அதுவரை இல்லாத ஒரு தீவு எழும்பி வந்தது. வெடிப்பு ஓய 1967 ஜூன் ஆகிவிட்டது. ஆனால் எரிமலை ஓயும் வரை செடி காத்திருக்கவில்லை. 1965-லேயே கரை மணலில் ஒன்று முளைத்துவிட்டது. கடுகுக் குடும்பத்துச் செடி, தடித்த இலை, காய் உப்புத் தண்ணீரில் மிதந்தே வந்து சேரக்கூடியது. மாஸ் கண்ணில் பட்டது 1967-ல், லைக்கன் 1970-ல். அதாவது பாடப்புத்தகத்தில் முதல் ஆளாக நிற்கும் லைக்கன், இங்கே பூக்கும் செடிக்கு ஐந்து வருடம் கழித்துத்தான் வந்திருக்கிறது!

யோசித்தால் காரணம் புரிகிறது. சுற்றிலும் கடல், தொடக்கத்தில் வருவதற்கு முக்கிய வழி அலைதான், அதனால் மிதக்கும் விதைக்கு முதல் வாய்ப்பு. யார் முதலில் வருவார்கள் என்பதைப் பாறை மட்டும் தீர்மானிப்பதில்லை, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், எந்த வழியில் வர முடியும் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

ஆனால் வந்தவை எல்லாம் தங்கவில்லை. முதல் இருபது வருடங்களில் சுமார் 20 வகைச் செடிகள் தென்பட்டன, அதில் பாதிதான் வேரூன்றின. செடி வளரத் தேவையான நைட்ரஜன் எரிமலை மணலில் மிகக் குறைவு, அதுதான் சிக்கல். அதைத் தீர்த்துவைத்தவை பறவைகள். 1980-களின் நடுவில் கடற்காகங்கள் கூட்டமாக வந்து கூடு கட்ட ஆரம்பித்தன, கடலில் மீன் தின்றுவிட்டு நைட்ரஜன் நிறைந்த எச்சத்தைத் தீவில் போட்டன, வயிற்றுக்குள்ளும் காலில் ஒட்டிக்கொண்டும் புது விதைகளும் வந்தன. கூடுகள் இருந்த பகுதி அடர்ந்த புல்வெளியாகிவிட்டது. கூடுகள் எட்டாத எரிமலைப் பாறை வெகுகாலம் அங்கங்கே ஒரு செடியோடு அப்படியே கிடந்தது. ஒரே தீவு, ஒரே வயது, ஒரே மழை. பறவையின் எண்ணிக்கை கூடியதும் செடியின் எண்ணிக்கை கூடுகிறது என்றால், இனத்தொகையை (ஓர் உயிரினத்தின் எண்ணிக்கையை) ஒரு பாடமாகவும் வழிமுறை வளர்ச்சியை இன்னொரு பாடமாகவும் ஏன் தனித்தனியே படித்தோம் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில் இதே நைட்ரஜன் வேலையைச் செய்தது ஒரு செடி. 1980 மே 18-ல் அது வெடித்தபின், சாம்பலும் நுரைக்கல்லும் மூடிய வெளியில் முதலில் காலூன்றியது லூபின் என்ற பயறு இனச் செடி. ஏதாவது ஒரு பயறுச் செடியை மெதுவாகப் பிடுங்கி வேரைப் பாருங்கள், குண்டூசித் தலை மாதிரி சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால், உள்ளே இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். லூபின் செத்து மட்கும்போது அந்த நைட்ரஜன் மண்ணுக்குப் போகிறது, அடுத்த செடிக்கு இடம் தயார்.

அந்த மலையில் எல்லாமே அழிந்துவிடவும் இல்லை. மே மாதமாகியும் சில இடங்களில் பனி கிடந்ததால் அதற்கடியில் இருந்த சின்ன மரக்கன்றுகள் பிழைத்தன, வளைக்குள் இருந்த கோஃபர்கள் பிழைத்தன. எலி மாதிரியான இந்தப் பிராணிகள் வளை தோண்டத் தோண்ட, சாம்பலுக்கடியில் புதைந்த பழைய மண் மேலே வந்தது. விதைக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்.

சரி, கடைசியில் எல்லா இடமும் பெரிய மரத்தில்தான் போய் முடியுமா? அதுவும் இல்லை. எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அந்த இடத்தின் பயோம், அதாவது வெப்பத்தையும் மழையையும் பொறுத்து அமையும் உயிர்ச்சூழல் வகை, வரையறுத்துவிடுகிறது. பாலைவனத்தில் எத்தனை நூற்றாண்டு காத்திருந்தாலும் அடர்காடு வராது, துருவத்தை ஒட்டிய தூந்திராவில் நிலத்தடி உறைந்தே கிடப்பதால் பெரிய மரத்தின் வேர் இறங்காது. சவன்னா என்ற வெப்பமண்டலப் புல்வெளியில் தீயும் மேயும் விலங்குகளும் சேர்ந்து மரங்களை நெருக்கமாக வளர விடாமல் வைத்திருக்கின்றன.

சுர்ட்சேயில் முதல் புதர், ஒரு வில்லோ, 1998-ல் வந்தது. ஆனால் குளிரும் உப்புக்காற்றும் அடிக்கும் அந்த இடம் காடாகப் போவதில்லை. அலைகள் ஏற்கெனவே தீவில் ஏறக்குறைய பாதியைக் கரைத்துவிட்டன. இறுகிய நடுப்பகுதி மட்டும் நெடுங்காலம் நிற்கும் என்கிறார்கள், பக்கத்துத் தீவுகளைப் போலவே, செங்குத்தான பாறையும் மேலே புல்லும் அதில் பறவைகளுமாக.