வரைபடத்துக்கு வெளியே ஒரு புள்ளி

புரதப் படிகவியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் திட்ட உதவியாளராகச் சேர்ந்த முதல் ஆண்டில், நான் கட்டிய மூலக்கூறு மாதிரியில் ஒரே ஓர் அமினோ அமிலம் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தின் தடைப்பகுதியில் போய் உட்கார்ந்துகொண்டது. அது கிளைசினாக இருந்திருந்தால் கவலையில்லை. பக்கச்சங்கிலி என்று சொல்ல ஒரு ஹைட்ரஜன் அணு மட்டுமே உள்ளதால், மற்றவை நுழைய முடியாத இடங்களிலும் கிளைசின் தாராளமாக நுழையும். இதுவோ அலனின். நொதியின் செயல்மையத்துக்கு அருகிலேயே இருந்ததால், புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டதாக நான்கு நாள் மனத்துக்குள் கொண்டாடினேன்.

பேராசிரியர் கேட்டது ஒன்றுதான்: “எலக்ட்ரான் அடர்த்தியைப் பார்த்தாயாப்பா?” அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று எக்ஸ்-கதிர்த் தரவு காட்டும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தேன், பார்க்க விரும்பியதை மட்டும். 2.8 ஆங்ஸ்ட்ராம் என்னும் சுமாரான பிரிதிறனில், சங்கிலியின் ஆக்சிஜன் அணு எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது எளிதில் புலப்படாது. அமினோ அமிலங்களை இணைக்கும் தட்டையான பகுதியான பெப்டைடு தளம் ஒன்றை நான் தலைகீழாகப் பொருத்தியிருந்தேன். திருப்பி வைத்ததும் புள்ளி சாதுவாக உள்ளே வந்துவிட்டது.

என்னைப் பிடித்துக்கொடுத்த அந்த வரைபடமே ஒரு குற்றச்சாட்டிலிருந்து பிறந்தது என்பதைப் பிறகுதான் படித்தேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல், தோலிலும் எலும்பிலும் உள்ள புரதமான கொலாஜனுக்கு மூவிழை அமைப்பை முன்வைத்தனர். அதில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாக அறிவியலாளர்கள் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை கூறினர். ராமச்சந்திரன் வாதாடிக்கொண்டிராமல், எவ்வளவு நெருக்கம்தான் அளவுக்கு மீறியது என்று, அதுவரை வெளியான படிக அமைப்புகளைப் புரட்டி அளக்கத் தொடங்கினார். அந்த அளவுகளைக் கொண்டு, சங்கிலியின் ஃபை, சை என்னும் இரு திருப்புக் கோணங்களில் எவை இயலும், எவை இயலா என்று சசிசேகரன், ராமகிருஷ்ணன் ஆகியோருடன் கணக்கிட்டு 1963-இல் வெளியிட்டதே இந்த வரைபடம். புரத அமைப்புகள் ஒன்றிரண்டே அப்போது வெளிவந்திருந்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

சில ஆண்டுகளுக்குப் பின் வேறொரு புரதத்தில் இன்னொரு புள்ளி வெளியே விழுந்தது. இம்முறை கொண்டாடவில்லை, தளத்தைத் திருப்பிப் பார்த்தேன், அந்தப் பகுதியை அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டினேன், வேறொரு படிகத்திலிருந்து மறுபடி தரவு எடுத்தேன். அடர்த்தி ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக இருந்தது. அருகிலிருந்த இரு ஹைட்ரஜன் பிணைப்புகள் சங்கிலியை அந்த வசதியற்ற கோணத்தில் இழுத்துப் பிடித்திருந்தன. கட்டுரையில் அதற்கு இரண்டே வரிகள் ஒதுக்கினோம். புள்ளி இன்னமும் வெளியேதான் இருக்கிறது.