நிரலும் பிழைப் பட்டியலும் ஓரிடத்தில்

எங்கள் குழுவின் நிரல் களஞ்சியத்தையும் பிழைப் பட்டியலையும் இன்று கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். மனம் நிறைந்திருக்கிறது. இதுவரை நிரல் ஓரிடம், பிழைகள் வேறிடம். ஒரு வரியை ஏன் மாற்றினோம் என்று தேடுவதிலேயே அரை நாள் போய்விடும். மதியம் கமிட் (நிரல் மாற்றத்தின் பதிவு) குறிப்பில் 'ஃபிக்ஸஸ் #214', அதாவது 214-ஆம் பிழையைத் தீர்க்கிறது என்று எழுதினேன். மாற்றம் முதன்மைக் கிளையில் (நிரலின் முதன்மைப் பிரதியில்) சேர்ந்ததும் அந்தப் பிழை தானாகவே மூடிக்கொண்டது!

கிட்ஹப்புக்கு இடம் மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே பிழைகளுக்கும் புல் ரிக்வெஸ்ட்டுகளுக்கும் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகள்) ஒரே எண் வரிசைதான். பழைய கமிட்டுகளில் உள்ள எண்கள் வேறெதையாவது காட்டிவிடும். அதனால் ஒவ்வொரு பிழையின் தலைப்பிலும் பழைய எண்ணைக் குறித்துவைத்தோம். மூடிய பிழைகளையும் விடவில்லை. ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்பது அந்த உரையாடல்களில்தான் இருக்கிறது.