பவரைக் குறைத்தேன், வேகம் கூடியது: மூணு ரவுட்டர் மெஷ், மூன்றாவது வாரம்

கீழே ஹாலில் ஒன்று, மாடிப்படி லேண்டிங்கில் ஒன்று, மொட்டைமாடி ரூமில் ஒன்று. மூன்றுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்த பழைய ரவுட்டர்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல ரவுட்டர் மென்பொருளை ஏற்றி, 802.11எஸ் மெஷ்ஷாக, அதாவது வைஃபையிலேயே ஒன்றுக்கொன்று டேட்டாவைக் கைமாற்றுகிற வலையாகக் கோத்திருக்கிறேன்.

மாடி ரூமில் சிக்னல் பத்தவில்லை என்று போன வாரம் மூன்றிலும் டிரான்ஸ்மிட் பவரை 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட்டுக்கு ஏற்றினேன். போனில் கட்டை முழுசாக வந்தது. "இப்பவாவது ஒழுங்கா வருமாடா?" என்றாள் அம்மா. தைரியமாகத் தலையாட்டினேன். அன்று ராத்திரியே அவளுடைய வாய்ஸ் நோட் போகாமல் சுற்றிக்கொண்டே நின்றது. மாடியிலிருந்து ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் கருவியில் அளந்தால் 4 எம்பிபிஎஸ்.

எந்த ரவுட்டர் யாரோடு எந்த வேகத்தில் பேசுகிறது என்று காட்டும் ஸ்டேஷன் டம்ப் எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மாடி ரவுட்டர் லேண்டிங்கை விட்டுவிட்டு, இரண்டு கான்கிரீட் தளம் தாண்டி ஹாலோடு நேராகப் பேசிக்கொண்டிருந்தது: சிக்னல் -84 டிபிஎம் (பூஜ்யத்தை விட்டுக் கீழே போகப்போக பலவீனம்), ரேட் 6.5 எம்பிபிஎஸ். இப்படி இழுத்து இழுத்துப் பேசுகிற ஒருத்தன் போதும்; ஒரே சேனல் என்பதால் அவன் முடிக்கிறவரை மற்ற இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கணும். போன் சங்கதி வேறு. ரவுட்டர் எவ்வளவு கத்தினாலும் போனின் குரல் கூடப்போவதில்லை. முழுக் கட்டை காட்டிவிட்டு அப்லோடில் கைவிட்டது அதனால்தான்.

14 டிபிஎம்முக்கு இறக்கினேன். கால்வாசி பவர். பாதி நேரம் சரியாக லேண்டிங் வழியாகப் போனது, மீதி நேரம் பழைய குருடி கதைதான். இதற்குக் கீழே பலவீனமான சிக்னலோடு இணையாதே என்று சொல்லும் மெஷ் ஆர்எஸ்எஸ்ஐ த்ரெஷோல்டை -75 என்று வைத்ததும் அந்த நேர் இணைப்பு அறுந்தது. மாடியிலிருந்து லேண்டிங், அங்கிருந்து ஹால் என இரண்டு தாவலில் 22 எம்பிபிஎஸ். முதலிலேயே இதைச் செய்திருக்கலாம்!

ஆனால் இப்போது ஹாலும் மாடியும் ஒன்றையொன்று கேட்பதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் லேண்டிங்கிடம் பேசினால் மோதல், மறுபடி மறுபடி அனுப்புகிற ரீட்ரை எகிறியது. பெரிய பாக்கெட்டை அனுப்புமுன் அனுமதி கேட்க வைக்கும் ஆர்டிஎஸ் வரம்பை 500 பைட்டுக்கு வைத்தேன், கொஞ்சம் அடங்கியது. ஸ்கேனில் சேனல் 6 சந்தைக்கடை மாதிரி இருந்ததால் 11-க்கு மாற்றினேன்.

பாக்கி ஒன்றுதான். மொட்டைமாடி இரும்புக் கதவைச் சாத்தினால் சிக்னலில் 7 டிபி (டெசிபல்) போகிறது. லேண்டிங் ரவுட்டரை ஜன்னல் பக்கம் நகர்த்திப் பார்க்கணும். அதற்கு நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கணும்.